எந்த ஷ்வெஸ்டர்?

திரையில் மூன்று சீனச் சகோதரிகள். பெரிய அரசியல் குடும்பம். மூத்தவளின் புருஷன் ஆட்சியில். நடுவிலாளின் புருஷன் அந்த ஆட்சியைக் கவிழ்க்க அலைகிறவன்.

"எங்கட வீட்டுக் கதையைச் சீனாக்காரன் படமாக்கிப் போட்டான்," என்றாள் சியாமளா, பாப்கார்னைக் கொறித்தபடி.

தங்கை சந்திரகாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. 2009 ஏப்ரல். பேர்லினில், நொய்கெல்ன் பகுதித் தியேட்டரின் மத்தியானக் காட்சி. தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள். சியாமளாவின் கணவன் உமாபதி, கொழும்பு மந்திரி ஒருவரின் பேர்லின் கையாள். அதே மந்திரி செய்வித்த கொலைக்குப் பேர்லின் கோர்ட்டில் சாட்சி சொல்லவிருப்பவன் சந்திரகாந்தியின் கணவன் ரவிச்சந்திரன். ஒளிந்திருந்தான். கடைக்குட்டி பாமா இலங்கையில், போர் நடக்கும் வன்னியில், குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரியில்.

"அத்தானால பாமாவை வெளிய எடுக்க ஏலுமோ, அக்கா?"

"ஓம், ஒரு போன் எடுத்தாக் காணும். உன்ர மனுசன் எங்க எண்டு சொல்லு. சும்மா கதைக்கத்தான்."

"முதல்ல அவள் உயிரோட இருக்கிறாள் எண்டு காட்டுங்கோ."

திரையில் ஒருத்தி கதறினாள். ஜெர்மன் டப்பிங்கில், "ஷ்வெஸ்டர்!"

"ஆரைக் கூப்பிடுறாள்? அக்காவையோ, தங்கச்சியையோ?"

"இந்தப் பாஷையில ரெண்டும் ஒண்டுதானே. ஆஸ்பத்திரி நேர்ஸும் ஷ்வெஸ்டர்தான்!" சியாமளா சிரித்தாள்.

அவள் கைபேசி அதிர்ந்தது. பட்டனை அமுக்கி அமுக்கி வாசித்தாள். சிரிப்பு நின்றது.

"நிவாரண டாக்டர், ஜெர்மன்காரர். பாமாவை விசாரிக்கச் சொன்னனான். பார்."

சின்னத் திரையில் ஜெர்மனில் ஒரே வரி: 'ஷ்வெஸ்டர் உயிரோடு இருக்கிறார்.'

சந்திரகாந்தி உடைந்து அழுதாள். ரவிச்சந்திரன் ஒளிந்திருக்கும் இடத்தை அக்காவின் காதில் சொன்னாள். முருகன் கோயிலுக்குப் பின்தெரு. யூட் என்பவரின் சாப்பாட்டுக்கடை மேல்மாடி.

சியாமளாவின் விரல்கள் தட்டின. அனுப்பின.

படம் முடியும்வரை அக்காவின் கையை விடவில்லை அவள். விளக்குகள் எரிந்தன.

"அதை இன்னொருக்காக் காட்டுங்கோ."

"பிறகு பாப்பம், வா."

சந்திரகாந்தி போனைப் பறித்தாள். வரிக்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறி. அமுக்கினாள்.

'குண்டு விழுந்த வார்டில் அவர் மட்டுமே தப்பினார். நோயாளிகள் யாரும் தப்பவில்லை.'

"அக்கா... தப்பினது நேர்ஸ். இதையும் வாசிச்சனீங்களோ?"

சியாமளா கோட்டை மாட்டிக்கொண்டாள். "அவள் போயிட்டாள் காந்தி. இனி நான் என்ர மனுசனைக் காப்பாத்த வேண்டாமோ?"

சந்திரகாந்தி தன் போனில் ரவிச்சந்திரனை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்பட்டது.

"இஞ்சேருங்கோ, உடன அங்கயிருந்து வெளிக்கிடுங்கோ!"

"சொல்லுங்கோ மச்சாள்," என்றது உமாபதியின் குரல்.