அதிகம் பலவீனப்படுத்துவது எது?

1

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் கிடந்த தேர்வுப் பயிற்சிப் புத்தகத்தை எட்டிப் பார்த்ததால் வந்த வினை இந்தக் கதை. ‘அலுவலகம் ஒரு குடும்பம் போன்றது. குடும்பத்தில் யாரும் கூடுதல் வேலைக்குக் கூலி கேட்பதில்லை. ஆகவே ஊழியர்களும் கேட்கக் கூடாது. இந்த வாதத்தை அதிகம் பலவீனப்படுத்துவது எது?’ நான் விடையைத் தேடுவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். எனக்கு வேறொரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. இப்படிக் கேள்வி எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தி, வீட்டில் எப்படிச் சண்டை போடுவாள்?

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அவள்

வேண்டாம். எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது.

அவள் தர்க்க அறிவுத் தேர்வுக்குக் கேள்வி எழுதுகிறவள். ஒப்புமை வாதங்கள் அவள் பிரிவு. இது அதைப் போன்றது, ஆகவே அதற்குப் பொருந்துவது இதற்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒட்டாத இடத்தைத் தேடி அங்கே விரலை வைப்பாள். ‘கல்யாணங்கிறது ரெண்டு சக்கர வண்டி மாதிரி’ என்று ஒருமுறை ஆரம்பித்த கணவர், ‘எந்தச் சக்கரம் துணி துவைக்குது?’ என்ற பதிலோடு வாயை மூடிக்கொண்டவர்.

(அவருக்கு இந்தக் கதையில் வேறு வேலை இல்லை. போகட்டும்.)

அவளுக்கு ஒரு தங்கை. பொது நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். விசிலும் கையுமாக நிற்பவள்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை வந்தாள். அக்கா சாப்பாட்டு மேசையில் கேள்விகளைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அப்பாவுக்கு என் கிட்னி பொருந்துதாம்.”

தங்கை தத்தித் தத்தி நடந்த வயதில் இன்னொருத்தியோடு போன அப்பா. இப்போது இரண்டு சிறுநீரகமும் பழுது. அந்தப் பெண்ணுடையது பொருந்தவில்லை. தங்கை யாரிடமும் சொல்லாமல் போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள்.

“நமக்குக் காய்ச்சல்னா எட்டிக்கூடப் பார்க்காத மனுஷனுக்கா?”

“தண்ணில தத்தளிக்கிறவன்கிட்ட நீ நல்லவனான்னு விசாரிச்சுட்டா குதிக்கிறேன்?”

“குதிச்சா முழுசா கரையேறுவ. இதுல ஒண்ண விட்டுட்டு வருவ. அதுவும் இதுவும் ஒண்ணா?”

“அம்மாகூட நமக்காக உடம்பு ஓடாத் தேய உழைச்சாங்களே.”

“நாம அம்மாவுக்குப் பிள்ளைங்க. அவர் உனக்குப் பிள்ளையா?”

“ரத்தம் குடுக்கிறவங்க யாருக்குன்னு பார்த்தா...”

“ரத்தம் திரும்ப ஊறும்டி.”

தங்கை மேசையிலிருந்த ஒரு கேள்வித்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

(எழுதும்போது நான் அக்கா பக்கம்தான். ஓட்டை இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.)

“நீ ஜெயிச்சுட்ட” என்றாள் தங்கை. “எனக்கு உன்னை மாதிரி பேச வராது. அவர் எது மாதிரியும் இல்லக்கா. அவர் செத்துட்டிருக்காருன்னு தெரிஞ்சு என்னால சும்மா இருக்க முடியல. நான் உன்கிட்ட அனுமதி கேக்க வரல. பயமா இருக்கு. கூட வருவியான்னு கேக்க வந்தேன்.”

அக்காவின் பேனா நின்றுவிட்டது. இது வாதமே இல்லையே.

4

அப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தேன். ‘என்னை மன்னிச்சிடும்மா’ என்று கண்ணீர் மல்க ஒரு பக்கம் பேச வைத்தேன். சகிக்கவில்லை, அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். அந்த மனிதர் தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “உனக்கு ரொம்ப வலிக்குமா?” போதாதுதான். ஆனால் அவரிடமிருந்து அதற்கு மேல் என்னால் கறக்க முடியவில்லை.

அக்கா மனம் மாறிவிட்டாள் என்று எழுதினால் கதை சுலபமாக இருக்கும். அவள் மாறவில்லை. ‘மூழ்குபவரைக் காப்பாற்றுவது போன்றதே உறுப்பு தானம்’ என்று ஒரு கேள்வியைத் தொடங்கினாள். ஐந்து விடைகளும் எழுதினாள். சரியானதற்கு எதிரே குறியிட மனம் வராமல் தாளைக் கசக்கிப் போட்டாள். பிறகு அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, தங்கைக்குத் தளர்வான இரவு உடைகளாகப் பார்த்து வாங்கி வந்தாள், தையல் மேல் உரசாத மாதிரி.

5

அறுவை அரங்கின் வாசலில் தங்கையின் தள்ளு படுக்கை நின்றது.

“இன்னும் தப்புன்னுதான நினைக்கிற?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் வந்த?”

“நீ கூப்பிட்ட.”

தங்கை சிரித்தாள். கதவு மூடிக்கொண்டது.

உங்களைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை, சொல்லிவிடுகிறேன். அப்பா, தங்கை இருவரும் பிழைத்தார்கள். தங்கை சில மாதங்களில் மறுபடி விசில் ஊதினாள்.

என்னால் எழுத முடியாதது வேறு. அன்று காத்திருப்போர் அறையில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் கையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அதன் காதுத் தண்டை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தாள். அக்காவைக் கண்டதும் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“ரொம்ப நேரமாகும்னாங்க” என்றாள், தலை நிமிராமல். “கால் வலிக்கும்.”

ஒரு பிரதியில் அக்கா உட்கார்ந்தாள். அழுகையும் அணைப்புமாக அது கெட்டுப் போனது. இன்னொன்றில் ஜன்னலோரம் போய் நின்றாள். அது எனக்கே வலித்தது. மூன்றாவதில் அவள்

நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் என்று கேட்கமாட்டேன். அந்த இடத்தில் அவள்தான் நிற்கிறாள். நாற்காலி காலியாக இருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன், அவளுக்குத் துணையாகக் கொஞ்ச நேரம் நீங்கள் இருங்கள்.