புதுத் தலைக்குள் பழைய கேம்

"ஒட்டாதுன்னா ஒட்டாது. உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று அண்ணன் ஸ்பானரை மேசையில் போட்டான்.

தங்கை அசைந்து கொடுக்கவில்லை. சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவள். அவள் வண்டியின் என்ஜின்தான் ஹெட் என்கிற மேல்மூடி விரிசல் விட்டு, அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் வாயைப் பிளந்து கிடந்தது. அந்தப் பழைய மாடலுக்கு ஹெட் எங்கும் அகப்படவில்லை. நாயாய் அலைந்து, அதே என்ஜினின் புது மாடலிலிருந்து கழற்றிய ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"போல்ட் ஓட்டை நேரா வருது. தண்ணி வழி, ஆயில் வழி எதுவும் அடைபடல. இன்னும் என்னண்ணே?"

"பிஸ்டன். புது மாடல்ல அது மண்டைல வால்வுக்குக் குழி வெட்டியிருப்பான். உன்னோடது சப்பை. வால்வு இறங்கினா நேரா முட்டும். பேசாம வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு என் கல்லாவுல வந்து உக்காரு. நிழலு, ஃபேனு, வேளாவேளைக்கு டீ."

"நிழல்ல வச்சுப் பாக்க நான் என்ன தொட்டிச் செடியா?"

அந்தக் கல்லாவில் உட்கார்ந்தால், எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்பதற்குப் பதில் சொல்லியே ஆயுள் கழிந்துவிடும். அவளுக்குத் தெரியாதா என்ன!

வால்வு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையாலேயே என்ஜினைச் சுற்றினாள். திறந்து பார்த்தால் வால்வு களிமண்ணைத் துளைத்து, அடியில் இரும்பு பளபளத்தது.

"பாத்தியா?" அண்ணன் குரலில் சர்க்கரை. "நான் சொன்னா கேக்க மாட்ட."

களிமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள்.

"வால்வை அவ்வளவு கீழ தள்றது எது?"

"கேம் ஷாஃப்ட். அந்தத் தண்டுல இருக்கிற மேடுதான் வால்வை அமுக்கும். புதுசுல மேடு பெருசு."

"என்னோட பழசுல?"

"சின்னது..." அண்ணன் பாதியில் நிறுத்தினான். "ஏய், அதெல்லாம் வேணாம். கம்பெனிக்காரனே அப்படிப் பண்ணல."

"கம்பெனிக்காரனா என் வண்டியை ஓட்டப் போறான்? பழைய கேமை எடு."

முணுமுணுத்தபடியே எடுத்துக் கொடுத்தான். புது ஹெட்டுக்குள் அது வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. மறுபடி களிமண், மறுபடி சுற்றல். இந்த முறை வால்வின் தடம் மேலோட்டமாகத்தான் விழுந்திருந்தது. அண்ணன் பிளேடால் களிமண்ணை அறுத்து, கனத்தை அளந்தான். இன்னொரு முறை அளந்தான். பிறகு அளவுகோலையே சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தான்.

"என்னண்ணே, அதுவும் புது மாடலா?"

"கொழுப்புடி உனக்கு. இழுவை குறையும், சொல்லிட்டேன். மேட்டுல திணறும்."

"திணறட்டும். நானும் திணறித்தான் ஏறுறேன்."

என்ஜினை வண்டியில் ஏற்றிச் சாவியைத் திருப்பினாள். இருமியது. ஒருமுறை வெடித்தது. அப்புறம் கரகரவென்று பிடித்துக்கொண்டது.

"நாலு தெரு தாண்டாது!" என்று, கிளம்பிய வண்டிக்குப் பின்னாலிருந்து அண்ணன் கத்தினான்.

கடைத்தெரு முனையில் பெட்டியோடு நின்ற ஒரு அம்மா கை காட்டி ஏறிக்கொண்டார். பாலம் ஏறும்போது ஃபோன் அடித்தது.

"எங்க நின்னுச்சு? ஆளை அனுப்பவா?"

"நிக்கலண்ணே. சவாரி போய்க்கிட்டிருக்கேன், ஃபோனை வை."