பின்னறைக்காரி

அடையாறில் அந்தத் தெருவுக்குள் ஷீலா டீச்சர் கால் வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மந்தைவெளியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவள். இப்போது கழுத்தில் அடையாள அட்டையும் கையில் போனுமாக வீட்டுப் பட்டியல் எடுக்க வந்திருந்தாள். ஜனத்தொகைக் கணக்கின் முதல் கட்டம் அது. வீடு எப்படிப்பட்டது, எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வழக்கமாக எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று கேட்டு, போனிலேயே பதிந்து அனுப்ப வேண்டும். குடும்பத் தலைவர் பெயரைத் தவிர யார் பெயரும் கேட்க வேண்டியதில்லை. ஆள் ஆளாகப் பெயர் எழுதுவது பிறகு வரும் இன்னொரு சுற்றில்.

பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் ஒரு குடும்பம் என்பதெல்லாம் என்றைக்கோ முடிந்துபோயிருந்தது. கீழே ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மாடியில் மணிப்பூர்ப் பையன்கள் நால்வர், மொட்டைமாடி ஷீட் கொட்டகையில் ஒடிசாவிலிருந்து வந்த வாட்ச்மேனும் மனைவியும். முக்கியமாகச் சாப்பிடும் தானியம் எது என்ற கேள்விக்கு ஒரு வீட்டில் அரிசிக்காரர்களும் கோதுமைக்காரர்களும் அவள் எதிரிலேயே சண்டை போட்டார்கள். எத்தனை பேர் என்பதை இந்தியில் ‘கித்னே லோக்’ என்று கேட்க அவள் நாக்கு பழகிவிட்டது.

பதின்மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, தெருக்கோடியில் இருந்த பச்சை கேட் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் வெள்ளைத்துரைக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை, காலையிலேயே கிளம்பிவிட்டிருந்தார். அவர் மனைவி தங்கபுஷ்பம் கீழ் வீட்டுக்கான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, மோரும் கொடுத்தாள்.

“மாடியில யார் இருக்காங்க?”

“மூணு பொம்பளப் பிள்ளைய டீச்சர். படிக்குதுவ. நாலாவது ஆளச் சேத்தா எங்க வீட்டுக்காரவிய சத்தம் போடுவாவ. அதனால மூணே மூணுதான், பாத்துக்கிடுங்க.”

மாடியில் கதவு திறந்தே இருந்தது. மூன்று பெண்களும் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கயல் அறந்தாங்கிப் பெண். அஃப்ரா மலப்புரம். ஹம்சினி நெல்லூர், மூன்று வருஷம் இங்கே இருந்து தமிழைப் பிடித்துக்கொண்டவள். சமையலறைக்கு அந்தப் பக்கம், குறுகிய நடையின் முடிவில், சாத்திய கதவு ஒன்று தெரிந்தது.

ஷீலா ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிமெண்டுத் தரை. மெட்ரோ தண்ணீர், போதாததற்கு லாரி. கேஸ் அடுப்பு.

“வழக்கமா எத்தனை பேர் தங்குறீங்க?”

“நாலு” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கீழ்வீட்டம்மா சொன்னது ஞாபகம் வந்து ஷீலா சிரித்துக்கொண்டாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்வது அந்தத் தெருவில் புதிதில்லை.

“பயப்படாதீங்க, கீழ சொல்லமாட்டேன். குடும்பத் தலைவின்னு யார் பேரைப் போடட்டும்? நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “அவங்களையே போடுங்க மேம்” என்றாள் கயல். “எங்களுக்கு முன்னாடியே இங்க இருக்கிறவங்க. சமையலும் அவங்கதான்.”

“சரி. பேர் சொல்லுங்க.”

கயல் அஃப்ராவைப் பார்த்தாள். அஃப்ரா ஹம்சினியைப் பார்த்தாள். மேலே மின்விசிறி டக் டக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“அஃப்ரா, உன் ஃப்ரெண்டுதானே, சொல்லேன்டி.”

“என்ற ஃப்ரெண்டா? ஹம்சினிக்கு அறிஞ்ச ஆளல்லே?”

“எனக்கா?” ஹம்சினி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் வந்தப்பவே அவங்க இருந்தாங்க. கயல் கூட்டிட்டு வந்ததுன்னு நெனச்சேன்.”

“நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? முந்தாநாள் ரசம் வச்சாங்களே, அப்பக்கூட எங்க ஊர்ப் பக்கத்துப் பேச்சுதான் பேசுனாங்க. சரி, நம்ம பக்கம் போலன்னு நெனச்சேன்.”

“உன் ஊர்ப் பேச்சா?” அஃப்ராவின் குரல் மெலிந்துபோனது. “என்னோட மலையாளத்திலதானே பேசுவாங்க. எங்க வீட்டு மலையாளம்.”

ஹம்சினி என்ன சொல்லப்போகிறாள் என்பது மற்ற மூவருக்கும் தெரிந்துவிட்டது. “தெலுங்கு” என்று மட்டும் சொன்னாள்.

ஷீலாவுக்கு இருபது வருஷம் வகுப்பில் நின்ற பழக்கம், குரலை நிதானமாக வைத்துக்கொண்டாள்.

“இப்ப எங்க இருக்காங்க?”

மூவரும் நடையின் முடிவில் இருந்த கதவைக் காட்டினார்கள். அது அவள் அறையாம். விடியற்காலையில் சமையலறையில் சத்தம் கேட்கும். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தால் மூடிவைத்த பாத்திரத்தில் சூடாகச் சாப்பாடு இருக்கும். முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஷீலா கேட்டபோது மூவருமே பார்த்திருப்பதாகத்தான் சொன்னார்கள். எப்படி இருப்பாள் என்றதற்கு ஒருத்தியாலும் சொல்ல முடியவில்லை. கயல் சொல்லவந்து, பாதியில் நிறுத்தி, அழ ஆரம்பித்தாள்.

ஷீலா எழுந்து நடைக்குள் போனாள். பெண்கள் கூடத்திலேயே நின்றார்கள். பழைய தேக்குக் கதவு. பச்சை பெயிண்ட் உரிந்திருந்தது. இரண்டு தட்டு தட்டினாள்.

“இன்னாக்கா?” என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது. “கணக்கெடுக்க வந்துக்கிறியா?”

அது ஷீலாவின் அம்மா முனியம்மாளின் பேச்சு. குரல் அம்மாவுடையதல்ல, சின்ன வயசுக் குரல். பேச்சுதான் அது. ஷீலா பிறந்து வளர்ந்த ஆற்றோரக் குடிசைகளில் பேசியது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து ஷீலா தன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்திருந்த பேச்சு.

“ஆமா” என்றாள். “நீ மட்டுமா கீற உள்ள?” அவளையறியாமல் அப்படித்தான் வந்தது.

“நான் ஒர்த்திதான்.”

“எவ்ளோ நாளா?”

“மொதல்லேந்தே இங்கதான் கீறேன்.”

“பேர் இன்னாம்மா?”

உள்ளே மெதுவாகச் சிரிக்கும் சத்தம். “பேரு தலைவிக்கு மட்டுந்தானக்கா கேக்கணும்? எனுக்குப் பேரு வாணாம். நம்பர்ல சேத்துக்கோ, போதும். உட்டுறாதக்கா.”

கதவை ஒட்டி நின்று பேசுகிற அளவுக்கு அருகில் அந்தக் குரல் இருந்தது. ஷீலா கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பிக் கூடத்துக்கு வந்தாள்.

“கேட்டுச்சா?”

“கேட்டது டீச்சர்” என்றாள் அஃப்ரா. “குளிச்சிட்டு இருக்கேன்னு சொன்னாங்க.”

“இல்லையே” என்றாள் கயல். “தலைவலிக்குது, அப்புறம் வரச்சொல்லுன்னாங்க.”

ஹம்சினி தலையை மட்டும் ஆட்டினாள். தனக்குக் கேட்டதை அவள் கடைசிவரை சொல்லவே இல்லை.

அழுகைச் சத்தம் கேட்டு அதற்குள் தங்கபுஷ்பம் படியேறி வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“என்னட்டி சொல்லுதிய? அந்த ரூம்ல ஆளா? அது கடைச் சரக்கு போட்ட ரூமுல்லா! வீடு வாங்குனதுலேர்ந்து சாவி எங்கிட்டதான் கெடக்கு.” இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டு விடுவிடுவென்று நடைக்குள் போனாள்.

பூட்டு லேசில் திறக்கவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு இரண்டு நிமிஷம் போராட வேண்டியிருந்தது. கதவை வெளிப்பக்கமாக இழுத்தபோது நிலையின் மேல்மூலையிலிருந்து ஒட்டடை நூலாக நீண்டு அறுந்தது.

உள்ளே அறையே இல்லை. தரையிலிருந்து கூரைவரை, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, அட்டைப்பெட்டிகள். சணல் கட்டிய பழைய துணிப்பொதிகள். கதவு நிலைக்கு ஒரு விரற்கடை உள்ளேயே அடுக்கு ஆரம்பித்துவிட்டது. ஒரு ஆள் நிற்க, ஒரு பூனை நுழைய இடமில்லை. பெட்டிகள்மேல் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது, கை பட்ட தடமே இல்லாமல்.

ஷீலா இரண்டு பெட்டிகளின் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தாள். பாதி விரல்கூடப் போகவில்லை.

“பாத்தியளா?” என்றாள் தங்கபுஷ்பம். ஆனால் அவள் குரலிலும் முன்பிருந்த வேகம் இல்லை. சமையலறை மேடையில் கழுவிக் கவிழ்த்திருந்த நான்கு தட்டுகளை அவளும் பார்த்துவிட்டிருந்தாள். “டீச்சர், மூணுன்னு போட்டுட்டுக் கெளம்புங்க. வேண்டாத பேச்சு வேண்டாம்.”

ஷீலா பால்கனிக்குப் போய் மேற்பார்வையாளர் பாலகணேஷை போனில் கூப்பிட்டாள். ஆள் கண்ணில் படவில்லை, இருப்பதாகச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள். மற்றதைச் சொன்னால் லீவு போடச் சொல்லிவிடுவார்.

“மேடம், பதில் சொல்றவங்க சொல்றதுதான் கணக்கு. நாம வெரிஃபை பண்ணப் போகல. அவங்க எத்தனைன்னு சொல்றாங்களோ அதப் போடுங்க” என்றார் அவர்.

உள்ளே வந்து மறுபடியும் கேட்டாள். “கடைசியாச் சொல்லுங்க. எத்தனை பேர்?”

“மூணு மேம். மூணுதான். ப்ளீஸ்” என்றாள் கயல். அஃப்ரா சுவரோடு ஒட்டி உட்கார்ந்து உதடசைய எதையோ ஓதிக்கொண்டிருந்தாள்.

ஹம்சினி நிமிர்ந்தாள். “எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நாலு நாள் நெத்தியில கை வச்சு உக்காந்திருந்தது யாரு? நீங்க ரெண்டு பேரும் அப்ப ஊர்ல இருந்தீங்க.” பிறகு ஷீலாவிடம் சொன்னாள்: “நாலு மேடம்.”

ஷீலாவின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அவளுக்கு வேறொரு காலை நினைவு வந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆற்றோரத்தைக் காலி செய்வதற்கு முன்னால் குடிசை குடிசையாக எழுதிக்கொண்டு போனார்கள். அம்மா வீட்டு வேலைக்குப் போயிருந்தாள், இவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எழுதுகிறவர் அவர்கள் குடிசையைப் பார்த்து ‘பூட்டியிருந்தது’ என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அந்த ஒரு சொல்லால் மற்றவர்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கிடைத்தபோது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாலு வருஷம் அம்மா யார் யார் வீட்டுச் சமையலறையிலோ படுத்தெழுந்தாள். இருந்தோம், இருந்தோம் என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னாள். இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று திரும்பக் கேட்டார்கள்.

தலைவி என்ற இடத்தில் ஹம்சினியின் பெயரைப் பதிந்தாள். எண்ணிக்கையில் நாலு என்று போட்டாள். ஆனால் அனுப்பவில்லை. விரல் அந்தப் பொத்தானுக்குப் போகவில்லை. சேமித்துவைத்துவிட்டு, கேட் தூணில் கணக்கெடுப்பு எண்ணை எழுதிவிட்டு, வெயிலில் விறுவிறுவென்று நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள்.

எட்டு நாள் கழிந்தது. தெருவில் எல்லா வீடும் முடிந்து அந்த ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது என்று பாலகணேஷ் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். மறுபடியும் போனாள்.

கேட்டிலேயே வெள்ளைத்துரை நின்றிருந்தார். “வாங்க டீச்சர். நாலுன்னு போட்டியளாமே, என் வீட்டம்மா பாத்திருக்கா. தெரு பூரா என் வீட்டுல பேய்னு பேசுது. ரெண்டு பிள்ளைய வேற காலி பண்ணிட்டுப் போயிட்டுவ. சரக்கு பூராவும் கிடங்குக்கு ஏத்திட்டேன், ரூம நீங்களே பாத்துக்கிடுங்க. பாத்துட்டு நம்பர மாத்திட்டுப் போங்க.”

மேலே ஹம்சினி மட்டும் இருந்தாள். முகம் ஒடுங்கிப்போயிருந்தது. கயல் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் விடுதிக்கும், அஃப்ரா அசோக் நகரில் உறவுக்காரர் வீட்டுக்கும் போய்விட்டதாகச் சொன்னாள்.

“நீ ஏன் போகல?”

“போகத் தோணல மேடம்.” பின்னறைப் பக்கம் பார்த்தாள். “லாரி வந்து பெட்டியெல்லாம் எடுத்த அன்னிக்கே அவங்க போயிட்டாங்க. விடியக்காலைல சத்தமே இல்ல. சமையல் ரூம் அப்படியே கெடக்குது.”

“முன்னாடியெல்லாம் உனக்குப் பயமா இருந்ததில்லையா?”

“ஒரு நாளும் இல்ல. இப்பதான் பயமா இருக்கு.”

ஷீலா நடைக்குள் போனாள். கதவு அகலத் திறந்திருந்தது. வெள்ளையடித்த சுவர், பெருக்கித் துடைத்த தரை, பக்கத்து அடுக்குமாடியின் சுவரைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல். எட்டுக்கு எட்டு அறை. ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். பட்டப்பகலில் அந்த வெறும் அறை, பெட்டிகள் நிறைந்திருந்தபோது இருந்ததைவிட மோசமாக அவளை உறைய வைத்தது. எல்லோருமாகச் சேர்ந்து யாரையோ வெளியே அனுப்பிவிட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

அறை வாசற்படியில் நின்றபடி போனைத் திறந்தாள். நாலு. அன்றைக்கு நாலு பேர்தான் இருந்தார்கள். அவள் கேட்டாள், பதில் வந்தது. கேட்டதை இல்லையென்று எழுத அவளால் முடியாது. பொத்தானை அழுத்தினாள். ஒரு சுழல் சுற்றி, பச்சைக் குறி விழுந்தது.

“எழுதிட்டேம்மா” என்றாள் சின்னக் குரலில், அந்தப் பழைய பேச்சில். “உட்டுடல.”

பதில் வரவில்லை. அவள் சற்றுக் காத்துப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வாசற்படியை விட்டு இறங்கி, முதுகைச் சுவரோடு ஒட்டி நடையில் ஒதுங்கி நின்றாள். அந்தக் குறுகலான வழியில் இன்னொருவர் கடந்து அறைக்குப் போக வேண்டுமென்றால் அப்படித்தான் நிற்க வேண்டும்.

கூடத்தின் வழியில் நின்றிருந்த ஹம்சினி அதைப் பார்த்தாள். அவளும் மெதுவாக ஒதுங்கி வழிவிட்டாள்.