கும்மட்டத்தடியில் விரித்த பாய்

மேலப்பாளையத்தில் அதிகாலைப் பாங்கு கேட்கும்போது எங்கள் பெண்கள் காரை இடிக்கத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். சுண்ணாம்பும் மணலும் கொட்டிய தொட்டியைச் சுற்றி நின்று, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் விட்டு விட்டு, உலக்கையால் இடி இடியென்று இடிக்க வேண்டும். கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி குழைய வேண்டும். அதுவரை நிறுத்தக் கூடாது. சுண்ணாம்பு விரலிடுக்கையெல்லாம் தின்றுவிடும். அவர்களில் ஒருத்தியான சுடலைவடிவின் கைகளைப் பார்த்தால் பார்த்தவனுக்குச் சோறு இறங்காது. அந்தக் கையால்தான் அவள் சோறு தின்றாள். காரைக்கு ஊற்றக் குடம் குடமாய்க் கருப்பட்டிப் பாகு உண்டு. இடிக்கிறவள் ஒரு விரல் நக்கினால் அது திருட்டு. "எறும்பாப் பொறந்திருக்கலாம் அண்ணே" என்பாள் என்னிடம், உலக்கையை நிறுத்தாமலே.

என் பெயர் நேசையா. பாளையங்கோட்டைக்காரன், தச்சன். மிஷன் பள்ளியில் நாலு எழுத்துப் படித்ததால் இதை எழுத வருகிறது. வாய் மட்டும் பள்ளிக்குப் போவதற்கு முன்பே நீளம் என்று என்னைப் பெற்றவளே சொல்லுவாள்.

நான் சொல்லுவது 1912-ஆம் வருஷத்து ஐப்பசி மாசத்துச் சங்கதி. அலி அக்பர் ஹாஜியார் ஜவுளி வியாபாரி. ரங்கூனில் கடை, கொழும்பில் கடை. மக்கத்துக்குப் போனவர் அப்படியே கப்பலேறி இஸ்தம்பூலையும் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது துருக்கி சுல்தான் ஒருவர் கட்டிய பள்ளிவாசலின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு பெரிய கும்மட்டம். அதைத் தாங்கிப் பிடிக்க நாலு பக்கமும் நாலு அரைக் கும்மட்டங்கள். மூலைக்கு ஒன்றாக ஊசி மாதிரி நாலு மினாராக்கள். "இதே மாதிரி நம்ம ஊர்ல ஒண்ணு எழும்பணும்" என்றார் ஹாஜியார்.

பிச்சைக்கண்ணு கொத்தனார் அந்தப் படத்தை வாங்கி வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கட்டிப்புடலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் இரண்டு வருஷம் வீட்டில் சரியாகத் தூங்கவில்லை. நானும்தான். அவ்வளவு பெரிய கும்மட்டத்துக்கு அடியில் நிற்கும் மரக்கூட்டை நான் செய்தேன். கூட்டைத் தாங்கக் காடு மாதிரி முட்டுக் கம்புகள், ஒவ்வொரு கம்பின் அடியிலும் ஒரு சோடி மர ஆப்பு. மரக்கூட்டின் மேல் செங்கலை வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் கடைசிக் கல்லை வைத்த அன்று, மழையில் நனைந்துகொண்டே எல்லோரும் கூவினோம். எங்களுக்கு அந்த வேலை மீது கிறுக்குப் பிடித்திருந்தது. ஹாஜியார் எங்களை ஏய்த்ததற்கு அந்தக் கிறுக்கும் ஒரு வசதி.

எங்கள் பக்கத்துக் கட்டட வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கும்மட்டத்துக்கு முட்டுப் பிரிக்கிற அன்று, கட்டச் சொன்னவர் அதன் அடியில் பாயில் வந்து உட்கார வேண்டும். கொத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் தச்சன் கொட்டாப்புளியை, அதாவது மரச் சுத்தியலை, எடுத்து முதல் ஆப்பைத் தட்டுவான். இந்து, முஸ்லிம், வேதக்காரன் என்ற பேதம் இதில் கிடையாது. முதலாளி உட்காரவில்லையென்றால் ஆப்பு அசையாது.

ஆவணியில் கிழக்குப் பக்கத்து அரைக் கும்மட்டத்துக்கு முட்டுப் பிரித்தோம். காரை காயவில்லை, பொறுங்கள் என்று கொத்தனார் சொன்னார். ஹாஜியாருக்குப் பொறுமை இல்லை. அன்று அவருக்கு ஏதோ கப்பல் சரக்கு வந்திருந்ததாம். தனக்குப் பதிலாகத் தன் பட்டுக் குடையை வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பினார். நாங்களும் அந்தக் குடையைப் பாயில் வைத்து, அதற்கு வெற்றிலையும் மடித்து வைத்து வேலையைத் தொடங்கினோம். புத்தி கெட்ட கூட்டம்! மூன்றாவது ஆப்பு கழன்றபோது அரைக் கும்மட்டம் அப்படியே உட்கார்ந்தது. கொத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிட்டோம். ஆப்பின் பக்கத்தில் குனிந்திருந்த மதாரை இழுக்க முடியவில்லை.

மதார் தறிக்காரன். மில் துணி வந்து தறி ஓய்ந்ததால் எங்களோடு கல் சுமக்க வந்தவன். அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கொத்தனார் கட்டியது சரியில்லை என்று ஹாஜியார் சொல்லி, எல்லோர் கூலியிலும் கால்வாசியைப் பிடித்துக்கொண்டார். நசுங்கிய குடைக்கும் அதிலேயே பிடித்தார். மதாரின் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இடிந்ததை மறுபடியும் கட்டினோம். பிடரியில் கைவைத்துத் தள்ளுகிற அவசரத்தில், கொட்டுகிற மழையில் கட்டினோம். ஐப்பசி பாதிக்கு வந்தபோது ஹாஜியார் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கலெக்டர் துரை வாராரு. ரங்கூன்ல இருந்து ஆளுக வாராங்க. அன்னைக்கு இங்கனதான் தொழுகை. உள்ள பாத்தா காடு மாதிரி கம்பு நிக்கி. நாளைக் காலையில நடுக் கும்மட்டத்து முட்டு எல்லாத்தையும் எடுத்துருங்க."

பிச்சைக்கண்ணு கொத்தனார் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மொதலாளி, மழ விட்டபாடில்ல. கிழக்க புதுசாக் கட்டினதுல இன்னும் நகம் பதியுது. பெரிய கும்மட்டம் அது மேலதான் சாஞ்சு நிக்கணும். தை பொறக்கட்டும்."

"கலெக்டரைத் தைக்கு வாங்கன்னு சொல்லவா வே?"

"அவரையும் உசுரோட அனுப்பணும்லா" என்றேன் நான்.

"நேசையா, ஒன்னைய மரம் இழைக்க வச்சிருக்கேன். பிரசங்கம் பண்ண இல்ல." அவர் முஸ்லிம் வேலையாட்கள் நின்ற பக்கம் திரும்பினார். குரல் இளகியது. "துருக்கியில சண்ட நடக்கு. இஸ்தம்பூல் வாசல்ல எதிரி நிக்கான். நம்ம ஆளுக அங்கன உசுரக் குடுக்காங்க. நீங்க என்னன்னா ஒரு ஆப்பைத் தட்டப் பயந்து கெடக்கிய. தீனுக்காக, நம்ம மார்க்கத்துக்காக இதுகூட முடியாதா?"

அவர்கள் தலை குனிந்தது. இதற்கு வேதக்காரனான நான் பதில் சொல்ல முடியாது, இந்துவான கொத்தனாரும் சொல்ல முடியாது. அது தெரிந்துதானே மனுஷன் அந்தக் கதவைத் திறக்கிறார்!

வாசல் பக்கமிருந்து ஊன்றுகோல் சத்தம் கேட்டது. மதார் பைய உள்ளே வந்தான். கால் போன பிறகும் அவன் தினமும் வருவான், ஜல்லி உடைத்துக் கொடுப்பான்.

"தீனை இதுல இழுக்காதீங்க ஹாஜியார். நானும் ஒத்தக் காலோட அஞ்சு வேளையும் தொழுவுதேன். பள்ளி அல்லாஹ்வோடது. நீங்க காசு குடுத்திய, நான் காலக் குடுத்திருக்கேன். பெருநாளைக்கு இதுக்கு அடியில எம் பிள்ளைக நிப்பானுவ. இந்த ஊரே நிக்கும். ஈரக் கும்மட்டத்த அவுக தலைக்கு மேல நிறுத்த உங்களுக்கு யாரு ஹக்குக் குடுத்தா?"

ஹாஜியாரின் முகம் கறுத்தது. "காரை காஞ்சிட்டுலே. நான் சொல்லுதேன், காஞ்சிட்டு."

யாரும் எதிர்பார்க்கவில்லை, சுடலைவடிவு தொட்டியில் உலக்கையைப் போட்டுவிட்டு உள்ளே நடந்தாள். சுவரில் சாத்தியிருந்த கோரைப்பாயை எடுத்து, முட்டுக் கம்புகளுக்கு நடுவே, கும்மட்டத்தின் நேர் உச்சிக்குக் கீழே உதறி விரித்தாள். வெந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"காஞ்சிட்டுன்னா சந்தோசம் மொதலாளி. வந்து இரிங்க. உங்களச் சுத்தி நாங்களும் இருக்கோம். கொத்தனார் வெத்தில மடிக்கட்டும். நேசையா அண்ணன் இப்பமே தட்டட்டும்."

ஹாஜியார் மேலே பார்த்தார். உச்சியில் மரக்கூட்டின் இடுக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கழன்று பாயின் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அவர் ஓரடி பின்னால் வைத்தார். அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. காரை காயவில்லை என்று அந்த மனுஷனுக்குத் தெரியாமல் இல்லை. எங்களைப் போலவே அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் எங்களை அடியில் போகச் சொன்னார்.

"எனக்கு அவசரமா டவுனுக்குப் போவணும்" என்றார். பிறகு பழக்க தோஷத்தில், "வண்டியில புதுக் குடை இருக்கு, அத வச்சிக்கிடுங்க" என்றும் சொல்லிவிட்டார்!

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஆவணிக்குப் பிறகு அந்த இடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. மதார் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது. பிச்சைக்கண்ணு கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"குடைக்கு ஒருக்கா வெத்தில மடிச்சிக் குடுத்துட்டேன் வே. இன்னொருக்கா மடிக்க மாட்டேன்."

முதலாளியை அவர், சரிசமமானவனைக் கூப்பிடுகிற மாதிரி, 'வே' என்றதை அதுவரை நான் கேட்டதில்லை. ஹாஜியாரும் கேட்டதில்லை.

"ஒரு பயலும் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்! குலசேகரன்பட்டினத்துல இருந்து ஆளக் கொண்டாந்து எறக்குதேன், பாருங்க!" என்று கத்திக்கொண்டே வண்டி ஏறினார்.

அன்று சாயங்காலம் மதார் வீட்டு முற்றத்தில் கூடினோம். சிரிப்பெல்லாம் வடிந்திருந்தது. வேலை போனால் அடுப்பு எரியாத வீடுகள்தான் எங்கள் வீடுகள் எல்லாம். "வெளியூர்க்காரன் வந்து தட்டிட்டுப் போயிருவான், நம்ம கெதி என்னாவும்?" என்று ஒருவர் கேட்டார். கம்பெடுத்து வண்டியை மறிப்போம் என்றது இளவட்டம். எனக்கும் கை அரித்தது, நானும் சரியென்றேன்.

"யாரப் போயி அடிக்கப் போறிய?" என்று மதார் கேட்டான். "அவனும் வயித்துக்குத்தான் வாரான். என்னைய மாதிரி ஒருத்தன் அந்தக் கூட்டத்துல இருப்பான்."

"அப்ப என்னதான் செய்ய?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"பாயக் காட்டுவோம்" என்றாள் சுடலைவடிவு. "அவுகளும் கட்டட வேலைக்காரங்கதான. பாத்தாத் தெரியும்."

மூன்றாம் நாள் வண்டிகள் வந்து சேரும் என்று தெரிந்தது. அன்று விடிந்தபோது தூறல். வேலை இல்லையென்று சொன்ன இடத்துக்கு எல்லோரும் போனோம். பெண்கள் தொட்டியருகே நின்றார்கள், உலக்கையைத் தொடவில்லை. நாங்கள் உள்சுவரை ஒட்டி உட்கார்ந்தோம். நடுவில் பாய் விரித்தபடியே கிடந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகள் வரும் சத்தம் கேட்டது. முன்னால் ஹாஜியாரின் குதிரை வண்டி.

வந்தவர்களுக்குத் தலைவராகப் பீர் மைதீன் என்ற பெரியவர் இருந்தார். கடற்கரை வெயிலில் வெந்த முகம், நரைத்த தாடி, தோளில் கொட்டாப்புளி. எங்களைப் பார்த்து ஸலாம் சொன்னார். அண்ணாந்து கும்மட்டத்தைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! இத ஆரு கட்டுனது?"

"நாங்கதான்" என்றார் பிச்சைக்கண்ணு கொத்தனார்.

"கட்டுனவங்க இருக்கையில எங்கள எதுக்குக் கூப்பிட்டாவ?" பெரியவரின் கண் கீழே இறங்கிப் பாயில் நின்றது. வாசற்படியில் நின்ற ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தார். "மொதலாளி, நீங்க இருந்தாத்தான் நான் தொடங்க முடியும். வாங்க."

"அதெல்லாம் பழைய காலத்து வழக்கம். நீங்க வேலையப் பாருங்க."

"எங்கூர்ல இன்னும் பழைய காலந்தான் மொதலாளி."

மதார் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தான். வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினான்.

"போன தடவ இந்தப் பாயில குடை இருந்துச்சு, பெரியவரே."

"குடையா?"

"ஆமா. குடையும் போச்சு, காலும் போச்சு. குடை புதுசா வந்துட்டு."

பீர் மைதீன் அந்தக் காலைப் பார்த்தார். ஹாஜியாரின் தலைக்கு மேல் விரிந்திருந்த புதுக் குடையைப் பார்த்தார். நடந்துபோய், தோளிலிருந்த கொட்டாப்புளியைப் பாயின் நடுவில் வைத்தார். அவர் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தூரத்து ஊரிலிருந்து கூலிக்கு வந்தவர்கள், அன்றைய சோற்றுக்குக் கையில் ஒன்றும் இல்லாதவர்கள். ஒருவன் பாக்கியில்லாமல் கொட்டாப்புளியை அங்கே வைத்துவிட்டு வந்து எங்களோடு சுவரோரம் உட்கார்ந்தான். நான் எழுந்துபோய் என்னுடையதையும் வைத்தேன். கொத்தனார் காரை பூசுகிற தன் கரணையை வைத்தார்.

"எனக்கு ஆளா கெடைக்காது? கம்பைப் பிடுங்க எந்தப் பயலும் போதும்!" என்றார் ஹாஜியார். குரல் கும்மட்டத்துக்குள் போய் இரண்டு தடவை திரும்பி வந்தது.

"பிடுங்குங்க" என்றேன் நான். "கொட்டாப்புளியெல்லாம் பாயில இருக்கு. உள்ள வந்து எடுத்துக்கிடுங்க."

"போலீஸக் கூட்டியாறேன்!"

"கூட்டிட்டு வாங்க மொதலாளி" என்றாள் சுடலைவடிவு வாசலிலிருந்து. "அவுகளுக்கும் பாயில எடம் கெடக்கு."

மழை வலுத்தது. ஹாஜியார் படியில் குடையோடு நின்றார், உள்ளே ஓரடி வைக்கவில்லை. எங்கள் முட்டுகளின் மேல் கும்மட்டம் நின்றது. பெண்களும் உள்ளே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டிகளின் மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னார் பீர் மைதீன்.