முறுக்காமல் விட்ட நட்டு

தம்பி செத்த சேதி வந்தபோது பிட்டர் தைரியராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஒரு பித்தளைத் துண்டை அரம் போட்டுக்கொண்டிருந்தான். சேதி கொண்டுவந்தவன் சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவன் "சரி" என்றான். அந்தத் துண்டை முழுசாய் முடித்து ஓரமாய் வைத்துவிட்டுத்தான் கையைத் துடைத்தான். ஊர் சும்மா இருக்குமா? கல்நெஞ்சன் என்றது. பேசுவதற்குக் காசா பணமா! நெஞ்சு கல்லாகவெல்லாம் இல்லை. ஒரே பக்கமாய்ப் படுத்தால் கை மரத்துப்போகிறதே, அந்த மாதிரி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

தம்பி மதலைமுத்துவுக்குப் படப்பெட்டி சுமக்கிற வேலை. பேசும் படம் வந்த புதிது அது. திருச்சியில் ஒரு கொட்டகை, ஸ்ரீரங்கத்தில் ஒரு கொட்டகை, இரண்டுக்கும் ஒரே முதலாளி. மனுஷன் மகா கெட்டி. இரண்டு கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படத்தைத்தான் எடுப்பான். இங்கே ஓடி முடிந்த சுருளைப் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மதலைமுத்து காவேரிப் பாலத்தைத் தாண்டிப் பறக்க வேண்டும். அங்கே ஜனங்கள் அதற்குள் விசிலடிக்க ஆரம்பித்திருப்பார்கள். வண்டி, ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது. புதிதாய் இருந்தபோதே மலிவு வண்டி. பழசான பிறகு கேட்பானேன்.

அந்த ஆடியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஸ்ரீரங்கத்தில் பெட்டியை இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தவன், பாலத்தில் ஏறப் பாதை வளைகிற இடத்தில் வளையவில்லை. நேரே கரையிலிறங்கி வெள்ளத்துக்குள் போய்விட்டான். பார்த்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நந்தவனத்தில் பூப்பறிக்கிற அம்மாசி.

"உறுமிக்கிட்டே போச்சுங்க. பிரேக்கும் போடல, திருப்பவும் இல்ல. வேணும்னே விட்ட மாதிரிதாங்க இருந்துச்சு" என்றான் அம்மாசி. அவன் பொய் பேசுகிற ஆள் இல்லை. வினையே அதுதான்.

உடம்பு கீழே மணல்திட்டில் ஒதுங்கியது. தானாய் உயிரை விட்டவனுக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது அப்போது திருச்சபைச் சட்டம். கல்லறைத் தோட்டத்துக் காம்பவுண்டுக்கு வெளியே, கருவேலம் புதர் ஓரமாய்க் குழி வெட்டினார்கள். மணி அடிக்கவில்லை, ஜெபம் இல்லை. சுவருக்கு உட்பக்கம், அதே இடத்துக்கு நேராக, மாசி மாதம் அம்மை போட்டுச் செத்த அவனுடைய மகள் கிடந்தாள். பிள்ளை உள்ளே, அப்பன் வெளியே. நடுவில் ஒரு சுவர்.

மதலைமுத்துவின் மனைவி லூர்துராணி அழவில்லை. பாலக்கரை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். கஞ்சி கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அது ஆடை கட்டிப் போகும். தைரியராஜும் போய் எதிரே உட்காருவான். ஒருநாள் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அன்னிக்குக் காலையில நாந்தான் மச்சான் சொன்னேன். கொட்டகைக் கூட்டத்துலேர்ந்து நீங்கதான் அம்மையைக் கொண்டாந்தீங்க, பிள்ளையத் தின்னுட்டு நீங்க மட்டும் நிக்கிறீங்களேன்னு சொன்னேன். ஒண்ணுமே பேசலை. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல லூர்து" என்றான். குரல் யாருடையதோ மாதிரி வந்தது.

"நாந்தான் அனுப்பிவச்சேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

மறுநாள் அவன் பங்குச் சாமியாரிடம் போனான். சாமியார் கெட்டவர் இல்லை. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

"நான் மனசாரவா செஞ்சேன் தைரியராஜ்? பாத்தவங்க அப்படிச் சொல்றாங்களே. வண்டி கெட்டுப்போய்த் தானாப் பாஞ்சுதுன்னு நீ காட்டு. ஆயர்கிட்ட நானே போய்ப் பேசுறேன். தோண்டி எடுத்துப் பிள்ளைக்குப் பக்கத்துலயே வச்சிடலாம்."

வெள்ளம் வடிந்ததும் ஆட்களை விட்டு வடம் கட்டி வண்டியை இழுத்தான். மாட்டு வண்டியில் போட்டுப் பொன்மலைக்குக் கொண்டுவந்து தன் ரயில்வே குவார்ட்டர்ஸ் கொல்லையில் இறக்கினான்.

அந்த வண்டியின் சங்கதி அவனுக்கு அத்துப்படி. தம்பி சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அது அவன் கைக்குத்தான் வந்தது. "வேகம் கூட்டுற முடுக்கை மூடினாலும் எஞ்சின் அடங்க மாட்டேங்குதுண்ணே, கத்திக்கிட்டே இருக்கு" என்றான் மதலைமுத்து. பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்புகிற காபுரேட்டரை எஞ்சினோடு சேர்ப்பது கட்டை விரல் நீளத்துக்கு ஒரு குழாய். அது எஞ்சினில் உட்காருகிற மூட்டில் இடுக்கு விழுந்து, முடுக்கை மூடின பிறகும் எஞ்சின் அந்த வழியாய்க் காற்று இழுத்தது. தைரியராஜ் மூட்டின் மேல் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டான். எஞ்சினின் சத்தம் சட்டென்று மாறியது. கள்ளன் அகப்பட்டுக்கொண்டான். குழாயின் முகம் லேசாய் வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகையில் எமெரிப் பொடியைத் தடவி, அந்த முகத்தைச் சமமாகும் வரைக்கும் தேய்த்தான். இடுக்கை அடைக்கத் தடித்த அட்டையில் பேக்கிங் வெட்டி, அரக்குத் தடவி வைத்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினான். திரும்ப மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தான். சத்தம் மாறவில்லை. மதலைமுத்து ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "இப்ப சொன்ன பேச்சுக் கேக்குதுண்ணே" என்றான். சிரிக்கக்கூடச் சிரித்தான்.

இப்போது சேற்றைக் கழுவிவிட்டு முதலில் அந்த மூட்டைத்தான் பார்த்தான். இவனுக்கு ஒரே ஆசைதான்: பேக்கிங் கிழிந்திருக்க வேண்டும், நட்டு கழன்றிருக்க வேண்டும். தன் வேலை கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று ஒரு பிட்டர் வேண்டிக்கொண்டதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? இவன் வேண்டிக்கொண்டான். ஸ்பானரைப் போட்டான். இரண்டு நட்டும் அசையவில்லை. எம்பி இழுத்த பிறகுதான் கொடுத்தன. பேக்கிங் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆறு புரட்டி எடுத்தும் மூட்டுக்குள் ஒரு சொட்டு நுழையவில்லை. வேறு நாளாயிருந்தால் மீசையை முறுக்கியிருப்பான், பாவி.

முடுக்குக் கம்பியைப் பார்த்தான். வழவழவென்று போய் வந்தது. பிரேக்கைப் பார்த்தான், பிடித்தது. ஹேண்டிலும் நன்றாய்த்தான் திரும்பியது. வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை.

தைரியராஜ் தரையில் உட்கார்ந்தான். வெயில் முதுகில் ஏறியது. அழுகை வருமா என்று காத்திருந்தான். வரவில்லை. தம்பி வேண்டுமென்றே போனான் என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். அதற்கும் ஒன்றும் நேரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். அந்த நெடிக்கு இருமினான்.

பிறகு எழுந்து வேலையைப் பார்த்தான். பொறி கொடுக்கிற மேக்னெட்டோவைக் கழற்றி வெயிலில் காயவைத்தான், சேற்று எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினான், காபுரேட்டரை ஊதிச் சுத்தம் செய்தான். மாலையில் உதைத்ததும் வண்டி கிளம்பியது. முடுக்கை மூடினால் பூனைக்குட்டி மாதிரி அடங்கியது. அதை நிறுத்தினான். மூட்டைப் பிரித்து, தான் வெட்டிய பேக்கிங்கில் பாதியைக் கிழித்து எறிந்தான். மீதியை வைத்து, நட்டை விரலால் மட்டும் திருகி விட்டான். திரும்ப உதைத்தான். வண்டி அலறியது. முடுக்கை மூடிய பிறகும் அலறியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை தெரிந்தே செய்த முதல் கெட்ட வேலை அது.

மறுநாள் கோயில் வளாகத்தில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினான். சாமியார் வந்தார், அவருக்கு எல்லாவற்றிலும் வலது கையான உபதேசியார் வந்தார், ஊரில் வேலையற்றவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். லூர்துராணியை இரண்டு பெண்கள் தாங்கிக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் உட்காரவைத்தார்கள்.

தைரியராஜ் வண்டியை உதைத்து, முடுக்கைக் கொஞ்சம் கொடுத்து, முழுக்க மூடினான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். யாரும் தொடாத வண்டி கூரைப் புறாவெல்லாம் பறந்தோடக் கத்தியது.

"பாத்துக்குங்க சாமி. மூடியாச்சு. அடங்குதா பாருங்க. வளைவுல இப்படி இழுத்தா எவனால திருப்ப முடியும்?"

சாமியார் காதைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். வண்டி நின்றதும் மெதுவாய்க் கேட்டார்.

"எல்லாம் சரி. இப்படிக் கெட்ட வண்டிய அவன் ஏன் ஓட்டினான்? தெரிஞ்சே ஏறினான்னா அது வேற பேச்சாயிடுமே."

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. இரும்பைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தான், மடையன். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் நட்டைப் பார்த்தான்.

"அவனுக்குத் தெரியாதுங்க சாமி. ரிப்பேர் ஆயிடுச்சுன்னு நம்பித்தான் ஏறினான்."

"யாரு பண்ணின ரிப்பேரு?"

"நாந்தான். முந்தின ஞாயித்துக்கிழமை நாந்தான் பிரிச்சு மாட்டினேன். பசி அவசரம். நட்டை முழுசா முறுக்காம விட்டுட்டேன்."

வேப்பமரத்தடியில் லூர்துராணி தலையைத் தூக்கினாள். யாரும் தாங்காமல் எழுந்தாள். நேரே அவனிடம் வந்து நின்றாள்.

"முறுக்கலையா?"

"முறுக்கல லூர்து."

"அப்ப அவரு... அவரு வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தாரா?"

"ஆமா. வீட்டுக்குத்தான்."

அவள் ஓங்கி அறைந்தாள். இன்னொரு அறை. சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அடப்பாவி! கூடப் பிறந்தவனையா கொன்னே? எங்கிட்ட வந்துக்கிட்டிருந்த மனுஷனைக் கொன்னுட்டியேடா! நீ நல்லாருப்பியா? உன் கை விளங்குமா?" என்று கத்தினாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் பீறிட்டுக்கொண்டு வந்தது. பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். தைரியராஜ் கையைக்கூடத் தூக்கவில்லை. அவளுக்கு உயிர் வந்துவிட்டது என்பது மட்டும் எங்கோ தூரத்தில் அவனுக்குத் தெரிந்தது.

ஆயர் சம்மதம் கொடுத்தார். குழியைத் தோண்டி மதலைமுத்துவை எடுத்து, மணியடித்து, ஜெபம் சொல்லி, மகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிடி மண் போட ஒவ்வொருவராய்ப் போனார்கள். தைரியராஜும் குனிந்து மண்ணை எடுத்தான். உபதேசியார் வந்து கையைப் பிடித்தார்.

"நீங்க வேணாம். அந்தப் பொண்ணு பாத்தா இங்கயே விழுந்துடும். கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவன் வெளியே வந்தான். கையில் மண் இருந்தது. உள்ளே லூர்துராணி கணவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள், விபத்தில் புருஷனைப் பறிகொடுத்த எந்தப் பெண்ணும் அழுகிற அழுகை. கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு தோள் குலுங்கியது. தோட்டத்து வாசலுக்குப் பக்கத்தில் அப்படியே குந்தி, "தம்பி, டேய் தம்பி" என்று வாய்விட்டு அழுதான். கூட்டம் கலைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. உபதேசியார் அவனை ஒதுங்கிக் கடந்து, பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார்:

"செய்யிறதையும் செஞ்சிட்டு இப்ப அழுது என்ன புண்ணியம்?"