பாக்கியம் மிஸியின் வீடு

மானியம் கேட்ட வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரி ஸைனுலாப்தீன் கதிரையில் அமர்ந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலெடுத்த நேரம் பார்த்துத்தான் வெளியே படலை கிறீச்சிட்டது. பாக்கியரத்தினம் எட்டிப் பார்த்தாள். வெள்ளை வேட்டியும் திருநீறுமாகத் தம்பிராசா நின்றான், அவள் வீட்டில் வைத்து வளர்க்கிற பூரணியின் சித்தப்பன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தம்பலகாமத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே ஏறியிருக்க வேண்டும். ஆண்டவனே, இன்றைக்கென்று பார்த்தா?

உட்துறைமுக வீதியில் இருந்த அந்த வீடு அவளுடைய தகப்பன் விட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் கட்டுப் போட்டிருக்கிறாள். மரத்தால் விழுந்த பிள்ளைகள், மரத்தால் விழுந்ததாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள். இரண்டாவது வகைப் பிள்ளைகள் காயம் ஆறியதும் அதே வீட்டுக்குத்தான் போவார்கள். கொஞ்ச நாளில் புதுக் காயத்தோடு வருவார்கள். பொறுக்க மாட்டாமல் வேலையை விட்டாள், வீட்டை அவர்களுக்குத் திறந்து வைத்தாள். ஊர் இன்னமும் அவளை மிஸி என்றுதான் கூப்பிட்டது.

சாப்பாடு கூடப் பெரிய பாடாய் இருக்கவில்லை. பாணுக்கு விடியமுன்னமே வரிசை நிற்கிற அந்தக் காலத்திலும் சமையலுக்கு நின்ற நஜ்முன் நிஸா மரவள்ளிக் கிழங்கை வைத்து எப்படியோ சமாளித்தாள்; கிண்ணியாவிலிருந்து அவளுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், மீன் அனுப்புவார். பாக்கியத்தை அரித்தது வேறொன்று. பிள்ளையின் சொந்தக்காரன் வந்து கேட்டால் இல்லையென்று சொல்ல அவளுக்கு உரித்துக் கிடையாது. பொலிசும் அதையேதான் சொன்னது: "சொந்தக்காரன் கேட்டா குடுக்கத்தானே வேணும் மிஸி." திரியாய் ஊர்ப் பெடியன் ஒருவனை அப்படித்தான் தகப்பனோடு அனுப்பினாள். போகும்போது அவன் அழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அரசாங்க மானியம் கிடைத்தால் வீடு பதிவாகும். பதிவான வீட்டிலிருந்து நீதவான் சொல்லாமல் எவரும் பிள்ளையைக் கொண்டுபோக ஏலாது. அதற்காகத்தான் கந்தோர் கந்தோராக அலைந்தாள். ஒருமுறை கூரை ஒழுகுதென்றார்கள். இன்னொருமுறை மலசலகூடம் போதாதென்றார்கள். இன்றைக்கு வந்த மனுசனோ குசினி அடுப்பைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பாய்களைப் புரட்டிப் பார்த்தார், பூரணியின் கையைக்கூட ஒருதரம் உற்றுப் பார்த்தார். நல்லதாகவும் ஒரு சொல் இல்லை, கெட்டதாகவும் ஒரு சொல் இல்லை.

"பிள்ளையைக் கூட்டிப்போக வந்தனான் மிஸி." தம்பிராசா பழத்தை மதில்மேல் வைத்தான். "வயல் வெட்டுத் துவங்கிட்டு. வீட்டில உதவிக்கு ஒருத்தருமில்ல."

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பூரணி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது. கதிரையிலிருந்த அதிகாரி தலையை நிமிர்த்தினார்.

சண்டை நடக்கிற வீட்டுக்கு எந்த அரசாங்கம் மானியம் தரும்? நாளைக்கு வாங்கோ என்று சிரித்து மழுப்பி அனுப்பிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாளைக்கும் இவன்தானே வருவான்.

பாக்கியம் போய்ப் படலைக்குக் குறுக்கே நின்றாள். "தரமாட்டன்."

"என்ர அண்ணன்ர பிள்ளை. தரமாட்டன் எண்டு சொல்ல நீங்கள் ஆர்?"

பாக்கியம் படலையை இறுக்கிப் பிடித்தாள், விலகவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஸைனுலாப்தீன் கோப்பையோடேயே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"பிள்ளையின்ர கையில சூட்டுத் தழும்பு கிடக்கு. என்னெண்டு வந்தது?" என்று கேட்டார்.

தம்பிராசா அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அது... அடுப்படியில தவறிப் பட்டது, ஐயா."

"மூண்டு தழும்பு. மூண்டும் ஒரே நீளம், ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு. மூண்டுதரமும் தவறியோ பட்டது?"

தம்பிராசாவின் பார்வை மதில்மேல் இருந்த பழத்துக்குப் போனது.

"நான் பிள்ளையளின்ர விசயம் பாக்கிற நன்னடத்தைக் கந்தோரால வந்தனான். இது இனி அரசாங்கம் மானியம் குடுக்கிற வீடு. பிள்ளை வேணுமெண்டால் நீதவானிட்டப் போய்க் கேளுங்கோ. நானும் வாறன். தழும்பைப் பற்றி அங்க வைச்சுக் கதைப்பம்."

தம்பிராசா முறைத்தான். பிறகு திரும்பி நடந்தான். நாலடி போனவன் என்ன நினைத்தானோ, திரும்பி வந்து மதில்மேல் இருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனான்.

"பழத்தையும் தூக்கிட்டுப் போறானே, சைத்தான்!" என்றாள் குசினி வாசலில் நின்ற நஜ்முன் நிஸா. பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் நீர் கொட்டியது.

"சேர், உண்மையாத்தானோ? நீங்கள் இன்னும் ஒண்டும் எழுதேல்லையே."

"இருந்து எழுதத்தானே வெளிக்கிட்டன், அதுக்குள்ள இவர் வந்திட்டார்." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "காசு வரச் சுணங்கும் மிஸி, அது எங்கட ஆக்களின்ர குணம். பதிவு இண்டைக்கே."

நன்றி சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். வந்தது வேறு. "இன்னொரு தேத்தண்ணி ஊத்தட்டோ?"

"ஓம். சீனி இருந்தால் கொஞ்சம். இல்லாட்டிலும் பறவாயில்லை."

பூரணி அலுமாரிக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தாள். பாக்கியம் பக்கத்தில் தரையிலேயே அமர்ந்தாள்.

"போயிட்டாரோ?"

"போயிட்டார்."

"திரும்பி வருவாரோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "வரலாம். வந்தா படலைக்கு வெளியில நிண்டு கேக்கட்டும்."

பின்னேரம், பிள்ளைகள் கடலில் குளிக்கக் கிளம்பினார்கள். கூடத்துச் சீமெந்துத் தரையில், பாய்கூட விரிக்காமல், கையையும் காலையும் நாலு பக்கமும் எறிந்தபடி பூரணி தூங்கிக் கிடந்தாள். ஒவ்வொருவராய்ச் சிரித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாய் ஊதியது. அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.