அரைச்சுரம் இறங்கிய இசைத்தட்டு

"படம் ஓடலேன்னா, அதுல வந்த மியூசிக்கெல்லாம் எங்கம்மா போகும்?"

ஆறு வயதில் மகள் இப்படிக் கேட்டபோது, "பேசாம தூங்கு" என்றாள் அம்மா. மகள் தூங்கிவிட்டாள். அம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்து வேலையை விட்டுவிட்டு, ஓடாத படங்களின் பின்னணி இசையைத் தேடியெடுத்து இசைத்தட்டாக வெளியிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு வெளியீட்டிலும் முந்நூறு தட்டுகள் மட்டும். ஒலியைச் சீராக்குவது அவள். விற்பது கணவனின் தம்பி.

"ஊரே மறந்த பிள்ளைக்கு நாம பிறந்தநாள் கொண்டாடுறோம் அண்ணி" என்று அவன் கேலி செய்வான். ஆனாலும் தட்டுகளை அவனே தோளில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவான்.

இந்த முறை எடுத்தது, ஒரே ஒரு படத்துக்கு இசையமைத்துவிட்டு, அடுத்த வாய்ப்பு வராமலே செத்துப்போன ஒருவரின் இசை. முந்நூறு தட்டும் இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையிலிருந்து வந்து இறங்கியதும், முதல் தட்டை அந்த இசையமைப்பாளரின் மகளுடைய தையற்கடைக்குக் கொண்டுபோனாள். அந்தப் பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே முழுவதும் கேட்டாள்.

"நல்லா இருக்குக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கினாள். "அப்பா வீட்ல இதையே பியானோல வாசிப்பார். நாங்க குதிப்போம். இதுல ஏனோ அவருக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது, தப்பா எடுத்துக்காதீங்க."

வீடு திரும்பிய அவள், வெட்டிப்போட்ட ஒலிநாடாத் துண்டுகள் கிடந்த பையைக் கவிழ்த்தாள். வாசிக்கத் தொடங்கும் முன் கலைஞர்கள் சுருதி சேர்ப்பதும் பழைய நாடாக்களில் பதிவாகியிருக்கும். அதை இரைச்சல் என்று முதலிலேயே வெட்டிவிட்டிருந்தாள். நாடா ஓடவேண்டிய வேகம் பெட்டியில் எழுதப்படவில்லை, அவளாக ஊகித்திருந்தாள். இப்போது அந்தத் துண்டை அதே வேகத்தில் ஓடவிட்டு, சரியான சுருதியைக் காட்டும் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தாள். வயலின்கள் எல்லாம் அரைச்சுரம் கீழே நின்றன. நாடாவை மெதுவாக ஓட்டியிருக்கிறாள். பாவம், அந்த மனிதரைத் தள்ளாட வைத்துவிட்டாள்.

"இத்தனையையும் மறுபடி அடிக்கணும் தம்பி" என்றாள்.

கொழுந்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "அண்ணி, இது வித்தாத்தான் அடுத்தது. படம் ஒரே வாரத்துல பெட்டிக்குள்ள போச்சு. பார்த்தவங்கள்லயும் பாதிப்பேர் தூங்கியிருப்பாங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாதவருக்காகத்தானே இந்தக் கடையே நடத்துறோம்? பெரிய ஆளா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?"

"உங்களோட சேர்ந்து நான் தெருவுக்குத்தான் வரப்போறேன்."

"வாங்க. தெருவுலயாவது சுருதியோட நிப்போம்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபின் மறுக்க முடியவில்லை.

புது அச்சுத் தகடு செய்து எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார்கள். முதலாளி தகட்டைத் தொடக்கூட இல்லை. "மூணு மாசத்துக்கு மிஷின் காலி இல்ல. அந்த ஆள் பேரையே உங்ககிட்டத்தான் முதல்ல கேட்டேன். அவருக்குப்போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"பேர் தெரியாதவர்னா அவர் இசை பிழையாப் போகலாமா சார்? உங்க ஆலை முத்திரையும் அந்தத் தட்டுலதான் இருக்கு. நீங்க சரின்னு சொல்றவரைக்கும் இந்த நாற்காலி எனக்குப் போதும்."

உட்கார்ந்தே விட்டாள். முதலாளி முறைத்தார். அவள் பையிலிருந்த ஆரஞ்சை உரித்து, பாதியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மேசைமேல் வைத்தாள்.

கதவருகே நின்ற இயந்திரக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் சாப்பிடப் போற நேரத்துல மிஷின் சும்மாதான நிக்குது முதலாளி. நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கிறேன்."

"உமக்கென்ன அக்கறை?"

"அரைகுறையா ஒண்ணு போச்சுன்னா, அடிச்ச கை என்னோடது."

முதலாளி ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டே, "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றார்.

தினமும் மதியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுகள் வெளிவந்தன. கடைசித் தட்டு இறங்கிய அன்று, முதலில் அதைத்தான் ஓடவிட்டுக் கேட்டாள். வயலின்கள் துள்ளி எழுந்தன. இயந்திரக்காரருக்குக் கொடுக்க ஒரு தட்டை நீட்டினாள். "வீட்ல இதைப் போட பாட்டுப்பெட்டி ஏதும்மா? யாருக்காவது வித்துடுங்க" என்று கும்பிட்டுவிட்டு, பல நாள் கழித்து உட்கார்ந்து சாப்பிட வெளியே போனார். கொழுந்தன் பெட்டிகளை வண்டியில் ஏற்றப் போனான்.

ஜன்னல் விளிம்பில் இயந்திரக்காரரின் பழைய ரேடியோ கொரகொரத்துக்கொண்டிருந்தது. அதை அணைத்து, பின்மூடியைத் திருகிக் கழற்றினாள். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி ஒரு நூலிழையில் தொங்கியது. பையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி ஒட்டவைத்தாள். உள்ளே அடைந்திருந்த தூசியை ஊதினாள். போட்டுப் பார்த்தாள். யாரோ ஒரு பெண்ணின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாக வந்தது.

மறுபடி அணைத்தாள். முன்பு இருந்தபடியே சற்றுச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் வருவதற்குள் கிளம்பினாள்.